யாகி ஆன்டெனாவை ஒளியியல் வழியாக விளக்க முடியுமா?

நண்பர்களே, ரேடியோ அலையும் ஒளியும் மின்காந்த அலைகள்தான் என்பதால், ஆன்டெனாக்களை ஒளியியல் வழியாகவே படித்து வருகிறேன். டிஷ் ஆன்டெனா அழகாகப் பிடிபட்டது. அது ஒரு குழியாடி. 12 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.5 செ.மீ.; 60 செ.மீ. டிஷ் என்றால் விளிம்பு விளைவால் (அலை விளிம்பில் வளைந்து பரவுவதால்) கற்றை சுமார் 3 டிகிரி விரிகிறது. தொலைநோக்கியின் பிரிதிறனை முடிவுசெய்யும் அதே அலைநீளம், விட்டம் விகிதம்தான் இங்கேயும்!

சரி, வீட்டு மாடிகளில் டிவிக்காக வைக்கும், கம்பிகள் வரிசையாக நிற்கும் யாகி ஆன்டெனாவுக்கு வந்தால் தடுமாறுகிறேன். பின்னால் இருப்பது அரை அலைநீளத்தை ஒட்டிய ஒற்றைக் கம்பி. கதிர்ப்படம் வரைந்தால் அது கண்ணாடியே இல்லை, ஆனாலும் அலையைத் திருப்பிவிடுகிறது. முன்னால் வரிசையாக நிற்கும் குட்டைக் கம்பிகள் அலையை மெதுவாக்கி லென்ஸ் போலக் குவிக்கின்றன என்று கொள்ளலாமா? அலைகளின் கட்ட வேறுபாட்டை (முகடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாக இருக்கின்றன என்பதை) காட்டும் படமோ கணக்கோ இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். கணிதம் கடினமாக இருந்தாலும் பரவாயில்லை.