வேப்பமரத்து வீடு குழு: ஞாயிற்றுக்கிழமை என்ன படம்?

சின்னவன்: ஞாயிறு ஆச்சிக்கு 80. சாப்பாடு முடிந்ததும் முற்றத்தில் படம். வாடகைக்கு புரொஜெக்டர் சொல்லியாச்சு. என்ன படம் என்று இன்று இரவுக்குள் முடிவாக வேண்டும். குடும்பப் படம், பாட்டு நிறைய.

அத்தை: சூப்பர் 👏

அண்ணி: ஹம் ஆப்கே ஹைன் கௌன். 14 பாட்டு!

திருச்சி மாமா: மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுமே. தூங்கிவிடுவேன்.

அத்தை: நீங்கள் எந்தப் படத்தில் தூங்கவில்லை?

சித்தி: செருப்பை ஒளித்துவைக்க ஒரு பாட்டு, வளைகாப்புக்கு ஒரு பாட்டு. அத்தனை பேர் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவியது யார்?

அண்ணி: வேலைக்காரர் லல்லு 😂

சின்னவன்: காதலை அண்ணனிடம் சொல்ல அவ்வளவு பெரிய வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நாய்.

பெரியப்பா: எல்லோரும் கவனிக்கவும். அம்மாவுக்கு ஏற்ற படம் பாகப்பிரிவினை. 1959. பீம்சிங் இயக்கம், விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை. சிவாஜிக்கு ஒரு கை விளங்காது, அப்படியே நடித்திருப்பார். 'தாழையாம் பூமுடிச்சு' ஒன்று போதும். 'ஏன் பிறந்தாய் மகனே' என்று தாலாட்டுப் பாடுவது அம்மா இல்லை, அப்பா. கவனித்தீர்களா? இந்தியிலும் 1965-இல் கான்தான் என்று எடுத்தார்கள். கதை என்னவென்றால், அண்ணன் தம்பி ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்தவர்களால் பிரிவினை வருகிறது. வீட்டுக்கு நடுவில்

பெரியப்பா: (தவறி அனுப்பிவிட்டேன்) சுவர் எழுப்புகிறார்கள்.

சித்தி: வெளியிலிருந்து வந்தவர்களால். சரி அத்தான்.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சின்னவன்: சித்தப்பா??

சித்தப்பா: ஒன்றுமில்லை. கை பட்டுவிட்டது.

அத்தை: அது இருக்கட்டும், அம்மாவின் வெள்ளிக் குத்துவிளக்கு யார் வீட்டில் இருக்கிறது? ஞாயிறு ஏற்ற வேண்டும்.

சித்தி: பார்த்துச் சொல்கிறேன் மதினி.

அண்ணி: சம்சாரம் அது மின்சாரம்?

பெரியப்பா: நல்ல படம். விசு, 1986, ஏவி.எம். தேசிய விருது வாங்கியது. ஆனால் அதிலும் அப்பா வீட்டு நடுவே கோடு போட்டுவிடுவார்.

சித்தி: கோடுதானே, செங்கல் இல்லையே.

அண்ணி: எல்லோரும் அந்தக் கோட்டைத்தான் சொல்கிறீர்கள். லட்சுமி எல்லோரையும் சேர்த்துவைத்துவிட்டு, கடைசியில் தனிக்குடித்தனம்தான் போவேன் என்பாரே. அதை ஒருவரும் சொல்வதில்லை.

பெரியப்பா: ஏம்மா, இப்போது அந்தப் பேச்சு எதற்கு?

அண்ணி: படத்தைச் சொன்னேன் மாமா.

சின்னவன்: 🙈

அத்தை: அம்மாவிடமே கேட்டேன். குடும்பப் படம் வேண்டாமாம், அழ வைப்பார்களாம். காதலிக்க நேரமில்லை போடச் சொல்கிறார். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்வதை மட்டும் இரண்டு தடவை ஓட்ட வேண்டுமாம்.

திருச்சி மாமா: ஆச்சி வாழ்க 🙏

பெரியப்பா: 1964. ஸ்ரீதர். அதுவும் குடும்பப் படம்தான். மகன் சினிமா எடுக்கப் பணம் கேட்பான், அப்பா தரமாட்டார். நம் அப்பா மாப்பிள்ளை கேட்டதற்கே எடுத்துக் கொடுத்தார்.

திருச்சி மாமா: ஆரம்பித்துவிட்டீர்களா மச்சான்? ஓட்டல் கணக்கு எப்போதோ முடிந்தது.

அத்தை: முடிந்ததா?

சின்னவன்: ஆச்சி சொன்னதையே போடுவோமா?

பெரியப்பா: பாலையா பாகப்பிரிவினையிலும் இருக்கிறார் என்று அம்மாவிடம் சொல்.

சின்னவன்: சரி, எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். அப்புறம் பார்ப்போம். திரைக்கு வெள்ளைத் துணி இருக்கிறதா?

சித்தப்பா: துணி எதற்கு? நடுச்சுவரில் அடித்தால் போதும். எங்கள் பக்கம் போன மாதம்தான் வெள்ளை அடித்தோம்.

பெரியப்பா: எங்கள் பக்கமும் நாளைக்கே ஆள் வரச் சொல்கிறேன்.