ஜெயில் வார்டர் வேலை எப்படி? உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள்

ராப்பாரா:
சீருடைப் பணியாளர் தேர்வு எழுதுகிற தம்பிகள் போலீஸ் கிடைக்காவிட்டால் ஜெயில் கிடைத்தாலும் சரி என்கிறார்கள், தேர்வும் ஒன்று, சம்பளமும் அதே 18,200-இல்தானே ஆரம்பம் என்று. ரவுடிகளைப் பார்த்து வரும் பயமெல்லாம் கொஞ்ச நாளில் போய்விடும். ஆளைத் தின்பது எண்ணிக்கை. சாயங்காலம் லாக்கப் அடைக்கும்போது பிளாக் பிளாக்காகத் தலை எண்ணி மொத்தக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும், ஒன்று இடித்தாலும் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. போன மாதம் எங்கள் பிளாக்கில் ஒன்று குறைந்தது, எண்ணி, திரும்ப எண்ணி, எட்டரை மணி ஆகிவிட்டது. கடைசியில் பார்த்தால் ஆஸ்பத்திரிக்கு மாற்றிய ஒருவரை எங்கள் கணக்கில் கழிக்காமல் விட்டிருக்கிறார்கள். போனை கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். வெளியே வந்து எடுத்தால் பொண்ணுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து வரிசையாக மிஸ்டு கால். எண்ணிக்கை இடித்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ மட்டும் எனக்கு!

மத்திய அரசு 2016-இல் கொடுத்த மாதிரிச் சிறைக் கையேட்டில் ஆறு கைதிக்கு ஒரு காவலர் என்று இருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

மலர்:
என் வீட்டுக்காரரும் வார்டர்தான். கல்யாண வீட்டுக்குப் போனால் போதும், "உள்ளே பிரியாணியாமே, செல்போன் கஞ்சா எல்லாம் போகுதாமே, நீங்க விடாமலா போகுது?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள், இவரும் சிரித்து வைப்பார், அப்புறம் பந்தியில் பாதியில் எழுந்துவிடுவார். இப்போது விசேஷம் என்றாலே நைட் டியூட்டி என்று சொல்லிவிடுகிறார். உண்மையா பொய்யா என்று நான் கேட்பதில்லை.

பழைய ஏட்டு:
எல்லா டியூட்டியும் ஒன்று இல்லை தம்பி. சிறைத்துறை நடத்துகிற பெட்ரோல் பங்கில் கடைசிக் காலத்தில் என்னைப் போட்டார்கள், கைதிகள் பெட்ரோல் போடுவார்கள், வண்டிக்காரர் "தேங்க்ஸ்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார், அன்றைக்கு முழுக்க அந்தப் பையன் முகமே வேறு மாதிரி இருக்கும், பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் அப்படித்தான். டவரிலும் பிளாக்கிலும் கழித்த வருஷங்களில் அது கிடைத்ததில்லை. ஆனால் அந்த இடத்துக்குப் போட்டி ஜாஸ்தி, சிபாரிசும் ஓடும், மறைக்க வேண்டியதில்லை. கைதிகளைப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குத் தயார் செய்கிற இடத்திலும் மனசுக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

ராப்பாரா, மெமோவுக்குப் பதில் கொடுத்துவிட்டீர்களா? ஆஸ்பத்திரிக்கு மாற்றிய பதிவின் நகலை வைத்து எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னது நிற்காது. கொடுத்ததற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.