டியூப்லெஸ் டயர் பஞ்சர்: ஸ்ட்ரிப் வச்சு நாமே அடைக்கலாமா, எதுவரை நம்பலாம்?

ஒத்தையடி

வணக்கம். வீட்டில் ஒரு கார் (185/65 ஆர்15), ஒரு ஸ்கூட்டர் (90/100-10). ரெண்டுமே டியூப்லெஸ். கார் பின் டயரில் ஒரு ஆணி ஏறியிருக்கு. பட்டனுக்கு (ரோட்டில் படுற முகப்புக்கு) நடுவில்தான், ஓரத்தில் இல்லை. ராத்திரி 33 பிஎஸ்ஐ காத்து வச்சா காலையில் 27 காட்டுது.

கையில் பஞ்சர் கிட் இருக்கு: டி கைப்பிடி வச்ச முறுக்குக் கம்பி, நுனியில் காது உள்ள ஊசி, ஓட்டையில் சொருகுற பழுப்பு நிற ஸ்ட்ரிப் (பிசுபிசுப்பான ரப்பர் நார்), ஒரு சின்ன சொல்யூஷன் டியூப், வால்வு பின் கழட்டி. 12 வோல்ட் காத்து பம்பும் உண்டு.

கேட்க வேண்டியது மூணு. ஆணியை இப்பவே பிடுங்கணுமா? கம்பியை எவ்வளவு நேரம் உள்ளே ஓட்டணும்? ஸ்ட்ரிப் வச்ச டயரில் நெடுஞ்சாலையில் போகலாமா, இல்லை கடையில் காளான் பேட்ச் போட்டுத்தான் ஆகணுமா?

ரிம்முக்குள்ளே

ராத்திரிக்கு ஆறு பாயின்ட்தான் இறங்குதுன்னா அவசரமே இல்லை. ஆணிதான் இப்போ அடைப்பு. பம்ப், வெளிச்சம், நேரம் மூணும் கையில் இருக்கும்போது பிடுங்குங்க. வழியில் பார்த்தீங்கன்னா பிடுங்காம காத்து ஏத்திட்டு வீடு வந்து சேருங்க.

வேலையைத் தொடங்கும் முன்னாடி டயரில் காத்து இருக்கணும். 30க்கு மேலே வச்சுக்கோங்க. காத்து இல்லாத டயர் கம்பியைக் குத்தினா உள்வாங்கும், அழுத்தம் கைக்கு நிக்காது. ஆணியை மேல்பக்கமாவோ பக்கவாட்டிலோ வர்ற மாதிரி வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினா போதும், பெரும்பாலும் ஜாக்கி வேண்டாம். முன் சக்கரமா இருந்தா ஸ்டீரிங்கை முழுசா திருப்பி விட்டா டயர் முகம் வெளியே வந்துடும். ஹேண்ட் பிரேக், கியர், எதிர்ச் சக்கரத்துக்கு ஒரு கல்.

ஆணியைச் சுத்தி சாக்பீஸில் வட்டம் போடுங்க. பிறகு அது எந்தச் சாய்வில் போயிருக்குன்னு பாருங்க. இதைத்தான் பலபேர் விட்டுடுறாங்க. ஆணி நேராகப் போறது குறைவு, சரிஞ்சுதான் ஏறும். பிளேயரில் மெதுவா இழுக்கும்போது எந்தத் திசையில் வருதுன்னு மனசில் வச்சுக்கோங்க. கம்பியும் ஊசியும் அதே சாய்வில்தான் போகணும். நேராகக் குத்தினா ரப்பருக்குள்ளே ரெண்டாவது பாதை உண்டாகும். பழைய பாதை அடையாது, உள்ளே இருக்கிற ஸ்டீல் நூலும் அறுபடும். திருகாணியா இருந்தா இழுக்காதீங்க, ஸ்க்ரூ டிரைவரில் கழட்டுங்க. இழுத்தா மரை ரப்பரைக் கிழிச்சுட்டு வரும்.

ஆணியைப் பிடுங்கும் முன்னாடியே ஸ்ட்ரிப்பை ஊசிக் காதில் கோத்து, ரெண்டு வாலும் சமமா இருக்கிற மாதிரி வச்சுக்கோங்க. மேலே ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளை முழுசா உரிச்சிருக்கணும்.

ஆணி வந்ததும் கம்பிக்குக் கொஞ்சம் சொல்யூஷன் தடவி உள்ளே விடுங்க. கடிகாரச் சுத்தில் திருகிக்கிட்டே அழுத்தினா ஏறும். ரேடியல் டயரில் நடுவில் ஒரு இடத்தில் கரகரன்னு தடை தெரியும், அதுதான் ஸ்டீல் பெல்ட் (ஸ்டீல் நூல் அடுக்கு). அங்கே நின்னு போயிடக் கூடாது. கழுத்து வரைக்கும் இறக்கி, மேலும் கீழுமா பதினைஞ்சு இருபது தடவை ஓட்டுங்க. கை இலகுவா போய் வர்றதுதான் அளவு. ரெண்டு காரியம் இதில் நடக்குது. ஓட்டைச் சுவர் சொரசொரப்பாகி ஒட்டுறதுக்குப் பிடிமானம் கிடைக்குது. அறுந்து நீட்டிக்கிட்டு இருக்கிற ஸ்டீல் முனை மழுங்குது. மழுங்கலைன்னா அந்த முனை ஓடும்போது ஸ்ட்ரிப்பைக் கொஞ்சம் கொஞ்சமா அறுத்துடும். வச்ச ஸ்ட்ரிப் ஒரு மாசத்தில் கசியுதுன்னா பெரும்பாலும் காரணம் இதுதான், ஸ்ட்ரிப் தரம் அப்புறம்தான்.

கம்பியை உள்ளேயே விட்டுட்டு, ஸ்ட்ரிப் மேல சொல்யூஷனைத் தடவுங்க. அப்புறம் கம்பியை உருவி உடனே ஊசியை அதே சாய்வில் இறக்குங்க. உடம்பு எடையைப் போட்டு அழுத்தணும், கை பலம் மட்டும் போதாது. வெளியே ஒன்றரை சென்டிமீட்டர் வால் நிக்கும்போது நிறுத்துங்க. ஊசியைத் திருகாம, ஒரே வெடுக்கில் நேராக இழுங்க. காது பிளந்திருக்கிறதால ஸ்ட்ரிப் உள்ளேயே நின்னுடும். உள்ளே மடிஞ்ச அந்த வளையம் ஓட்டையை விடப் பெருசு. காத்து அதை வெளிப்பக்கம் தள்ளத் தள்ள இன்னும் இறுகும்.

மிச்ச வாலை மூணு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்க. இழுத்துப் பிடிச்சு வெட்டாதீங்க, விட்டதும் உள்ளே சுருங்கிப் போயிடும். 33க்கு ஏத்தி, சோப்புத் தண்ணி விட்டு ஒரு நிமிஷம் பாருங்க. குமிழி இல்லைன்னா வண்டியை எடுக்கலாம்.

பெல்ட்_ரேடியல்

மேலே சொன்னதில் ஒன்னு மட்டும் எனக்கு ஒப்பலை. "திருகாம இழுங்க" என்பது பிளந்த காது ஊசிக்குச் சரி. சில கிட்டில் காது முழுசா மூடியிருக்கும். அதை நேராக இழுத்தா ஸ்ட்ரிப்பும் கூடவே வரும். அந்த ஊசியை முழுசா ஒரு சுத்து திருகி அப்புறம் இழுக்கணும். வாங்கினதும் நுனியை உத்துப் பாருங்க, பிளந்த காதுன்னா ஒரு கீறல் மாதிரி திறப்பு இருக்கும்.

மூணாவது கேள்விக்கு வர்றேன். ஸ்ட்ரிப் ஓட்டையை வெளியிலிருந்து அடைக்குது. உள்ளே டயரின் உட்புற ரப்பர்ப் படலம் கிழிஞ்சது கிழிஞ்சபடிதான் இருக்கு. டயர் தொழில் அமைப்புகள் முழுமையான ரிப்பேர்னு ஏத்துக்கிறது, டயரைக் கழட்டி உள்ளே பார்த்து, ஓட்டைக்குள் தண்டும் உள்ளே பேட்சும் சேர்த்துப் போடுறதைத்தான். நம்ம ஊரில் காளான் பேட்ச்னு சொல்றது அதைத்தான். தண்டு ஈரம் ஸ்டீல் பெல்ட்டுக்குப் போகாம தடுக்கும், குடை காத்தைத் தடுக்கும்.

டயரைக் கழட்டுறதில் இன்னொரு பலன் உண்டு. காத்து இறங்கினபடியே வண்டி ஓடியிருந்தா சைடு வாலின் (டயரின் பக்கச் சுவரின்) உள்பக்கம் அரைபட்டு, கறுப்பா ரப்பர்த் தூள் கொட்டும். அந்த டயர் வெளியே புதுசு மாதிரி இருக்கும், ஆனா கதை முடிஞ்சது. ஸ்ட்ரிப் வைக்கிறவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

உங்க ஆணி நடுவில், காத்தும் 27க்குக் கீழே போகலை. ஸ்ட்ரிப் வச்சு ஊருக்குள் ஓட்டலாம். நெடுஞ்சாலையில் 120ல் நாலு பேரோட போற வண்டின்னா ஒரு காளான் போட்டுடுங்க. போடும் வரை 80க்கு மேலே வேண்டாம்.

எல்லைக்கோடு இது: ஓட்டை 6 மில்லிமீட்டருக்கு மேலேன்னா எதுவும் வேண்டாம். தோள் (பட்டனும் பக்கச் சுவரும் சேர்ற ஓரம்), சைடு வால்னா சின்ன ஓட்டையா இருந்தாலும் வேண்டாம். அந்த இடம் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி விரியுது, எந்த அடைப்பும் நிக்காது. பட்டன் 1.6 மில்லிமீட்டர் குறிவரை தேஞ்சிருந்தா ஸ்ட்ரிப் காசு கூட வீண்.

பத்து_இஞ்ச்

ஸ்கூட்டரைப் பத்தி யாரும் பேசலையே. முதலில் டயர் மேலேயே டியூப்லெஸ்னு எழுதியிருக்கான்னு பாருங்க, ரிம்மும் அதுக்கானதா இருக்கணும். கம்பி ஸ்போக் போட்ட வண்டிகளில் பெரும்பாலும் உள்ளே டியூப்தான். அதில் ஸ்ட்ரிப் வச்சா டியூபில் இன்னொரு ஓட்டை, அவ்வளவுதான்.

பத்து இஞ்ச் டயர் பெரும்பாலும் நைலான், ஸ்டீல் பெல்ட் கிடையாது. அதனால கம்பி சுலபமா ஏறும். அதுக்காக கார் கிட்டில் வர்ற தடிமனான கம்பியை ரொம்ப நேரம் ஓட்டினா ஓட்டை பெருசாகி ஸ்ட்ரிப் லூசாயிடும். அஞ்சாறு தடவை போதும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரம் சுத்தாம ஒருத்தர் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டா வேலை பாதி. பின் சக்கரத்தில் சைலென்சர் சூடு ஆறட்டும்.

காத்து அளவு வண்டியின் ஸ்டிக்கரில் இருக்கும். 110 சிசி ஸ்கூட்டர்களில் பொதுவா முன்னே 22, பின்னே 29, பின்னால் ஆள் ஏறினா 36. கார் கணக்கில் 33ஐ முன்னே வச்சுடாதீங்க.

முன் டயருக்கு நான் தனி விதி வச்சிருக்கேன்: ஸ்ட்ரிப் கடை வரைக்கும்தான். பின் டயர் திடீர்னு இறங்கினா வண்டி ஆடும், முன் டயர் இறங்கினா விழுந்துடுவோம்.

ஒத்தையடி

எல்லாருக்கும் நன்றி. பிளந்த காது ஊசிதான். இன்னிக்கு வச்சேன், முதல் ஸ்ட்ரிப் ஊசியோடயே வெளியே வந்துடுச்சு. ரெண்டாவது நின்னது, ஆனா சோப்புத் தண்ணியில் மெதுவா சின்னச் சின்னக் குமிழி வருது. இன்னொரு ஸ்ட்ரிப்பை அதே ஓட்டையில் சொருகலாமா?

ரிம்முக்குள்ளே

முதல் ஸ்ட்ரிப் வெளியே வந்ததுன்னா ஊசி முழு ஆழத்துக்குப் போகலை. மடிப்பு டயரின் உள்பக்கத்தைத் தாண்டி வளையமா விரிஞ்சாத்தான் அங்கே மாட்டும். பாதி வழியில் இருந்தா இழுவைக்கு வந்துடும். ரப்பர் மட்டுமே ஒரு சென்டிமீட்டருக்கு மேலே இருக்கும், அதைத் தாண்டி இறக்கணும்.

குமிழிக்கு உடனே ரெண்டாவதைச் சொருகாதீங்க. ஒரு அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து மறுபடி பாருங்க. ஸ்ட்ரிப் என்பது வேகவைக்காத ப்யூட்டைல் ரப்பர் ஊறின நார். சூட்டில் இளகி சுவரோட ஒட்டும், சில சின்னக் கசிவு அதிலேயே அடைஞ்சுடும். அப்பவும் வந்தா பழைய ஸ்ட்ரிப் பக்கத்திலேயே இன்னொன்னு இறக்கலாம். ஒரு ஓட்டைக்கு ரெண்டுதான் வரம்பு. மூணாவது கேக்குதுன்னா ஓட்டை 6 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்குன்னு அர்த்தம்.

குமிழி எங்கிருந்து வருதுன்னும் பாருங்க. ஸ்ட்ரிப்பைச் சுத்தியா, இல்லை வாலின் நுனியிலிருந்தா? நுனின்னா நார் வழியா காத்து ஊர்ந்து வருது. அந்த ஸ்ட்ரிப் காய்ஞ்சுபோன சரக்கு.

டிக்கி_சூடு

அதே சந்தேகம்தான் எனக்கும். காய்ஞ்ச சரக்கைக் கண்டுபிடிக்கிறது சுலபம்: விரலில் அழுத்தினா பிசுபிசுன்னு ஒட்டணும், மடிச்சா வெடிக்கக் கூடாது. மே மாசம் வெயிலில் நிக்கிற கார் டிக்கியில் வருஷக்கணக்கில் கிடந்தா ஸ்ட்ரிப் விறைச்சுடும். சொல்யூஷன் இன்னும் மோசம். டியூபை ஒரு தடவை திறந்தா சில மாசத்தில் உள்ளேயே கெட்டியாயிடும். கிட் அப்படியே இருக்கட்டும், சொல்யூஷனும் ஸ்ட்ரிப்பும் மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை புதுசா வாங்கிப் போடுங்க.

பம்பைப் பத்தி ஒரு வார்த்தை. 120 வாட் பம்ப் 10 ஆம்பியர் இழுக்கும். சில கார்களில் சார்ஜர் சாக்கெட் ஃபியூஸும் அதே 10தான். எஞ்சினை ஓடவிட்டு, சாக்கெட்டில் வேற எதையும் சொருகாம ஏத்துங்க. பத்து நிமிஷத்துக்கு மேல தொடர்ந்து ஓட்டினா சின்ன பம்ப் கருகும்.

கிட்டை அலட்சியமா நினைக்காதீங்க. 2020 ஜூலையில் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தத்துக்கு அப்புறம், டியூப்லெஸ் டயர், காத்து அழுத்தம் காட்டும் கருவி, ரிப்பேர் கிட் மூணும் இருந்தா கார்க் கம்பெனி ஸ்டெப்னி தர வேண்டியதில்லை. அந்த மாதிரி வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு கிட்தான் ஸ்டெப்னி. ஆனா அதில் கம்பெனி தர்றது பல வண்டிகளில் பாட்டில் திரவம். அதை ஏத்தின டயரில் அப்புறம் ஸ்ட்ரிப்போ பேட்சோ ஒட்டாது, உள்ளே கழுவித் துடைச்சாத்தான் உண்டு. முதலில் ஸ்ட்ரிப், முடியலைன்னா பாட்டில்னு வச்சுக்கோங்க.

அப்புறம், கடைக்குப் போனா "நாலு பஞ்சர் சார்"னு கடைக்காரர் சொல்லிக் கேட்கிறவங்களுக்கு: கம்பி உள்ளே போறதுக்கு முன்னாடி குமிழியைக் காட்டச் சொல்லுங்க. ஆணியோ கீறலோ இல்லாத இடத்தில் கம்பி போன பிறகு வர்ற குமிழி கணக்கில் சேராது.

பெல்ட்_ரேடியல்

ஒத்தையடி, ஸ்ட்ரிப்பில் குமிழி நின்ன பிறகும் ராத்திரியில் காத்து இறங்கினா வால்வையும் பாருங்க. வால்வு வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணி வச்சா, உள்ளே இருக்கிற வால்வு பின் லூசா இருந்தா குமிழி ஊதும். கிட்டில் இருக்கிற கழட்டியால கால் சுத்து இறுக்குங்க, அழுத்தித் திருகாதீங்க. வால்வு ரப்பரின் அடிப்பகுதியை வளைச்சுப் பாருங்க, விரிசல் தெரிஞ்சா வால்வையே மாத்தணும். காளான் போட டயரைக் கழட்டும்போது சேர்த்துச் செய்யச் சொல்லிடுங்க, தனியா இன்னொரு தடவை கழட்டுற கூலி மிச்சம்.