கடலுக்குள்ள முருகைக்கல் (பவளப்பாறை) பாத்த ஆக்கள், உங்கட அனுபவத்தச் சொல்லுங்கோ

வெள்ளவத்தை:
கொழும்பில இருக்கிற நாங்கள் முருகைக்கல் பாக்கிறதெண்டா ஹிக்கடுவைக்குத்தானே ஓடுறது. கண்ணாடி போட் ஏறிப் பாத்தா கீழ முக்கால்வாசி சாம்பல் நிறத்தில செத்த கல்லு. 1998இல கடல் சூடேறி வெளுத்ததில போனது கனக்க, அதுக்கு முதலே இந்தக் கரை முழுக்கச் சுண்ணாம்புக்கெண்டு கிண்டினதும் இருக்கு. 1979இல சரணாலயம், 2002இல தேசியப் பூங்கா, போர்டெல்லாம் வடிவா இருக்கு. ஆனா போட்காரர் சிங்களத்தில சொன்னதுதான் மனசில நிக்குது: "மீனுக்குப் பாண் போடாட்டி நீங்கள் அடுத்த போட்டுக்குப் போயிடுவீங்கள்." பாசி மேயுற மீன் பாணுக்குப் பழகினா கல்லில பாசி மூடும், அது அந்த மனுசனுக்கும் தெரியும், அவற்ற வயித்துப்பாட்டுக்கு வழி சொல்லாம சட்டம் மட்டும் போட்டு என்ன பிரயோசனம்?

மட்டக்குளி:
எங்க மாமா முந்தி அலங்கார மீன் புடிக்க முங்குறவரு. மொக்ஸி வலைய கல்லு மேல போட்டு மூடி, கம்பியால குத்தி மீன வெளிய விரட்டுறது, கல்லு உடைஞ்சா யாருக்குக் கவல, இப்ப அந்த வலை தடை. பொறகு கெம்பஸ் புள்ளைங்க ஆராய்ச்சிக்கு வந்தப்ப இவரத்தான் கூட்டிட்டுப் போனாங்க. அடியில டேப் விரிச்சு, அதுக்குக் கீழ உசிருள்ள கல்லா, செத்ததா, மண்ணா, பாசியான்னு தண்ணிக்குள்ளயே பலகையில பென்சிலால எழுதுவாங்க. மாமாக்கு மொதல்ல சிரிப்பு, நான் ஒரே மூச்சில பாக்குறத இவங்க காலைலருந்து எழுதுறாங்களேன்னு. ஆனா வழக்கமான சூட்ட விட ஒரு பாகை கூடி சில வாரம் நின்னாலே கல்லுக்குள்ள இருக்கிற நுண்பாசி வெளியேறி வெளுத்துடும், சூடு சீக்கிரம் எறங்கினா திரும்ப தேறும்னு அவங்க சொன்னப்பதான், வெள்ளையானதெல்லாம் செத்தது இல்லன்னு அவருக்கு வெளங்கிச்சாம். எந்தக் கல்லு முந்தி எப்பிடி இருந்திச்சுன்னு இவரு சொல்லலன்னா அவங்களுக்கும் ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணுமில்ல. இதுல யாரு விஞ்ஞானின்னு நாங்க வீட்ல இன்னும் சண்ட. நான் மாமா கட்சி.

தெஹிவளை:
ஹிக்கடுவை வரைக்கும் ஏன் ஓடுறீங்க? கல்கிசைக்கு வெளியிலயும் கல்லு இருக்கு, அடி மணற்கல்தான், மேல அங்கங்க முருகை வளருது. அறுந்து சிக்கின வலை எங்க கிடக்குன்னு மீன்பிடிக்கிறவங்கட்ட கேட்டுட்டு எங்க டைவிங் செட் போய் வெட்டி எடுக்கும். வர விருப்பம்னா நவம்பர்லருந்து ஏப்ரல் வரைக்கும் சொல்லுங்க, மத்த நேரம் இந்தப் பக்கம் கடல் கலங்கல், ஒண்ணும் தெரியாது.