வாந்திக்கு அப்புறம் பல் துலக்கலாமா? பல் அரிச்சுப்போறது ஆசிட்டாலயா, கிருமியாலயா?

கேள்வி (ஏற்காடு, விடுதி நர்ஸ்):
19 வயசுப் பொண்ணு. ஒரேயடியா சாப்பிட்டுட்டு விரலை விட்டு வாந்தி எடுத்து, உடனே அழுத்தித் துலக்குது. மேல் முன்பல்லோட உள்பக்கம் வழுவழுன்னு மஞ்சளாயிடுச்சு. கடைவாய்ப்பல்லுல கருப்புக் குழி. ரெண்டும் ஒண்ணுதானா? ஃப்ளோரைடு பேஸ்ட் கொடுக்கலாமா? நம்ம பக்கத்து போர்த் தண்ணியில ஏற்கெனவே அது அதிகம்கறாங்களே.

பதில் 1 (அஸ்தம்பட்டி, பல் மருத்துவர்):
ரெண்டும் வேறங்க. வழுவழுப்பு இரைப்பை அமிலத்தால வந்தது. அதோட பிஎச் (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 1, 2தான் இருக்கும்; 5.5க்குக் கீழ போனாலே எனாமல் (பல்லோட வெளி ஓடு) கரையும். கீழ்ப்பல்லை நாக்கு மூடிக்கும், மேல்பல்லோட உள்பக்கம்தான் அடி வாங்கும். பழைய வெள்ளி அடைப்பு இருந்தா சுத்தியுள்ள எனாமல் கரைஞ்சு அடைப்பு மட்டும் மேடாத் துருத்தி நிக்கும், டார்ச் அடிச்சுப் பாருங்க. தீராத நெஞ்செரிச்சல்லயும் இதே மாதிரி வரும், அதையும் கேளுங்க.

கருப்புக் குழிதான் கிருமி வேலை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸும் லாக்டோபேசிலஸும் சர்க்கரையைத் தின்னு லாக்டிக் அமிலம் விடும். வாய் புளிச்சே கிடந்தா மத்த கிருமிங்க தளர்ந்துடும், இதுங்க பெருகும். எச்சில் வத்தினா இன்னும் மோசம்.

உடனே துலக்கறதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. இளகின எனாமலை பிரஷ் சுரண்டிடும். ஒரு டம்ளர் தண்ணியில ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து கொப்பளிச்சுத் துப்பணும். துலக்கறது ஒரு மணி நேரம் கழிச்சு. பேக்கிங் பவுடர் கூடாது, அதுல அமில உப்பும் இருக்கும்.

பதில் 2 (அரிசிப்பாளையம், பல் சுகாதார உதவியாளர்):
ஃப்ளோரைடுக்குப் பயப்படாதீங்க. தண்ணியால வர்ற கறை, பல் உருவாகிற சின்ன வயசுலதான் படியும். கடைப் பேஸ்ட்டுல ஃப்ளோரைடு சுமார் 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 1000 பங்கு). பட்டாணி அளவு, மென்மையான பிரஷ், துப்பினதும் வாய் கொப்பளிக்காம விடணும். 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு வார்னிஷை 3 மாசத்துக்கு ஒருக்கா மருத்துவர்கிட்ட பூசிக்கட்டும். வாந்தி நிக்கறதுக்கு முன்னாடி கேப் போட்டா ஓரம் அரிச்சுப் பணம் வீண்.

பதில் 3 (சேலம், உணவியல் நிபுணர்):
தட்டுவடை செட், ஜவ்வரிசி எல்லாம் பல்லுல ஒட்டும், உப்பு மிளகாய் போட்ட மாங்கா புளிப்பு. ஆனா இந்தப் பொண்ணுகிட்ட "இதைத் தின்னாதே"ன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க, அந்தத் தடைதான் அடுத்த முறை வாரி வாரித் தின்ன வைக்கும். நேரத்துக்கு மூணு வேளை, சாப்பிட்டதும் வெறும் தண்ணி, அவ்வளவு போதும்.

பல்லைவிட அவசரம் ஒண்ணு இருக்கு. அடிக்கடி வாந்தி எடுத்தா பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும். இந்த வாரமே ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுங்க. மயக்கமோ படபடப்போ வந்தா அன்னைக்கே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழ்லயே பேசலாம்.