சிறுவர் நாவலுக்கு ஒரு சங்கேதக் கணக்கு: ஆசிரியர்களின் உதவி தேவை

வணக்கம். ஜப்பானியர் ஆட்சிக்காலப் பினாங்கைக் களமாகக் கொண்டு சிறுவர் நாவல் ஒன்று எழுதி வருகிறேன். சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு வந்துகொண்டிருந்த ஐ-34 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியை, சங்கேதச் செய்திகளை உடைத்துப் பெற்ற தகவலின் துணையோடு, 1943 நவம்பர் 13 அன்று டாரஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி தாக்கி அழித்ததே கதையின் உச்சம்.

ஜப்பானியக் கடற்படையின் முதன்மைச் சங்கேதத்தில், சொற்கள் ஐந்திலக்க எண்களாக மாற்றப்பட்டு, அவற்றோடு வேறோர் எண்வரிசை கூட்டப்பட்டது. பத்தைத் தாண்டினால் 1ஐ அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுசெல்வதில்லை என்பதால், 7உம் 5உம் சேர்ந்தால் 2 மட்டுமே. இதைப் பாடநூல் வாடையின்றிப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? நம் 247 எழுத்துகளுக்கும் எண் கொடுத்துப் பார்த்தேன். என் மகளே கொட்டாவி விட்டாள். பல்லாங்குழி போன்ற விளையாட்டு ஏதேனும் இதற்குப் பொருந்துமா என்பதைத் தமிழ்ப்பள்ளிக் கணித ஆசிரியர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.