புதுப்பிப்பு: ஊட்டிக் குளிரில் சார்ஜ் ஏறாத 48 வோல்ட் இ-பைக் பேட்டரி, சரியாகிவிட்டது

உறைபனிக் காலையில் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை, சார்ஜரில் பச்சை விளக்கு மட்டும் எரிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ்ஸின் குளிர் பாதுகாப்புதான் தடுக்கிறது என்றவர் சொன்னதே சரி. ஷெட்டில் கிடந்த பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து, குளிர் முழுக்க விட்டபிறகு செருகினேன். விளக்கு சிவப்புக்கு மாறி ஏறத் தொடங்கியது.

பிஎம்எஸ்ஸை பைபாஸ் செய்யும் யோசனை மட்டும் தயவுசெய்து வேண்டாம். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியும். அது ஷார்ட் வரை கொண்டுபோய்விடும். அடுப்பருகே வைத்துச் சூடாக்கவும் கூடாது.

எதிர்பாராதது ஒன்று: முழு சார்ஜில், அதாவது 54.6 வோல்ட்டில், குன்னூர் இறக்கத்தில் ரீஜென் பிரேக் (வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் வழியே பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி ஏற்றும் பிரேக்) நின்றுவிடுகிறது. நிரம்பிய பேட்டரியில் மேலும் ஏற்ற பிஎம்எஸ் விடுவதில்லை. இறங்கும் நாளில் இப்போது 80 சதவீதத்தோடு நிறுத்திவிடுகிறேன். பிரேக் பேடுகளையும் மாற்றியாயிற்று.